கையில் இருந்த பாட்டுகளைக் கடைக்குப் போய் வாங்கினார்கள்

2006 ஜனவரி 23, திங்கட்கிழமை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தைச் சேர்ந்த நான்கு பையன்களின் முதல் ஆல்பம் அன்று கடைகளுக்கு வந்தது. குழுவின் பெயர் ஆர்க்டிக் மங்கீஸ். கிதார் வாசித்துப் பாடிய அலெக்ஸ் டர்னருக்கு இருபது வயது முடிந்து சில நாள்கள்தான் ஆகியிருந்தன. முதல் நாளிலேயே விற்பனை ஒரு லட்சத்தைத் தாண்டியது. வாரக் கடைசியில் கணக்கெடுத்தபோது 3,63,735 பிரதிகள். பிரிட்டனில் அதுவரை எந்த அறிமுக ஆல்பமும் முதல் வாரத்தில் இவ்வளவு விற்றதில்லை.

அந்த எண்ணைவிட என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறொன்று. ஆல்பத்தில் இருந்த பதின்மூன்று பாட்டுகளில் பலவற்றின் ஆரம்பப் பதிவுகள் வெகு நாள்களாகவே இணையத்தில் இலவசமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. ரசிகர்கள் அவற்றைத் தரவிறக்கி, சிடியில் ஏற்றி, நண்பர்களிடம் கொடுத்து, வரிக்கு வரி மனப்பாடமும் செய்திருந்தார்கள். இசை நிறுவனங்கள் அந்த நாள்களில் போட்டுவந்த கணக்கின்படி இந்த ஆல்பம் படுத்திருக்க வேண்டும். இணையத்தில் பாட்டுகளை இலவசமாகப் பகிர்ந்துகொள்ள உதவிய நாப்ஸ்டர் 1999இல் வந்ததிலிருந்து, இலவசமாகக் கிடைப்பதை எவர் காசு கொடுத்து வாங்குவார் என்பதே அந்தத் தொழிலின் ஓயாத புலம்பல். பாட்டுகளைப் பகிர்ந்த தனிநபர்கள்மீது அமெரிக்காவில் 2003இலும் பிரிட்டனில் 2004இலும் வழக்குகளே தொடுத்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில், கணினியில் ஏற்கெனவே கிடந்த பாட்டுகளுக்காக மக்கள் ஏன் கடைக்குப் போனார்கள்?

பத்திரிகைகள் அப்போது சொன்ன பதில், இணையம் உருவாக்கிய முதல் நட்சத்திரங்கள் இவர்கள் என்பது. மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தை ரூபர்ட் மர்டாக்கின் ஊடக நிறுவனம் 58 கோடி டாலர் கொடுத்து வாங்கியிருந்த சமயம் அது. மைஸ்பேஸ்தான் இந்தக் குழுவைத் தூக்கிவிட்டது என்ற பேச்சு செய்தி நிகழ்ச்சிகள்வரை போயிற்று. பையன்கள் அதை அப்போதே மறுத்தார்கள். அந்தத் தளத்தில் குழுவின் பெயரில் இருந்த பக்கத்தைத் தொடங்கி நடத்தியவர்கள் ரசிகர்கள், மைஸ்பேஸ் என்றால் என்னவென்றே தங்களுக்குத் தெரியாது என்றார்கள். அவர்கள் சொன்னதை நான் நம்புகிறேன். இலவசப் பாட்டுகளோடு அந்த ஆண்டில் இணையத்தில் கிடந்த குழுக்களுக்குக் கணக்கில்லை. அவற்றில் ஒன்றுதான் நாட்டையே ஒரு வாரம் கடைவாசலில் நிறுத்தியது. பாதை எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. அந்தப் பாதையில் போன சரக்கைப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

சரக்கு விளைந்த இடம் ஹை கிரீன். ஷெஃபீல்டின் வடக்கு ஓரத்தில் இருக்கும் புறநகர்ப் பகுதி. பக்கத்திலேயே தார்ன்கிளிஃப் இரும்பாலை இருந்தது. இரண்டாம் உலகப்போரில் சர்ச்சில் டாங்கிகள் செய்த இடம் அது. ஷெஃபீல்டு என்றாலே எஃகு, சுற்றுவட்டாரம் முழுக்க நிலக்கரிச் சுரங்கம். இந்தப் பையன்கள் பிறந்தது 1985, 86இல். ஓராண்டு நீடித்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது 1985 மார்ச்சில். எஃகாலைகள் அதற்கு முன்பே ஒவ்வொன்றாக மூடப்பட்டுவந்தன. ஆலை நின்ற நிலத்தில் 1990இல் மெடோஹால் என்ற மாபெரும் வணிக வளாகம் எழுந்தது. ஆக, அப்பாக்களும் தாத்தாக்களும் பார்த்த வேலை போய், கடையும் கால்சென்டரும் வந்துவிட்ட ஊரில் வளர்ந்த தலைமுறை இது. ஆல்பத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட நேரடியாக இல்லை. ஆனால் பாட்டுகளில் வருகிற எவருக்கும் வேலையைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. அவர்களுடைய வாழ்வு வெள்ளி மாலையில் தொடங்கி ஞாயிறு காலையில் முடிந்துவிடுகிறது.

ஷெஃபீல்டுக்கு இசை புதிதல்ல. ஜோ காக்கர் இந்த ஊர்க்காரர். டெஃப் லெப்பர்டு, ஹியூமன் லீக், பல்ப் எல்லாம் இங்கிருந்து கிளம்பிய குழுக்கள்தான். ஆனால் டர்னரும் அவருடைய அண்டை வீட்டுக்காரர் ஜேமி குக்கும் 2001 கிறிஸ்துமஸுக்குக் கிதார் கேட்டு வாங்கியபோது அவர்கள் காதில் இருந்தவை நியூயார்க்கின் ஸ்ட்ரோக்ஸ் போன்ற புதிய குழுக்கள். பள்ளி நண்பர் மேட் ஹெல்டர்ஸுக்குக் கிடைத்தது டிரம்ஸ். மற்றவர்கள் ஆளுக்கொரு கருவியை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சமிருந்தது அதுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். பேஸ் கிதாருக்கு ஆண்டி நிக்கல்சன். நால்வருமே அனுபவம் இல்லாதவர்கள். 2003 ஜூன் 13 அன்று, நகர மையத்தில் உள்ள தி கிரேப்ஸ் என்ற பப்பில் முதல் நிகழ்ச்சி நடத்தினார்கள்.

ஹெல்டர்ஸ் எந்த டிரம்ஸ் பள்ளிக்கும் போகாமல், கேட்டதை வைத்தே கற்றுக்கொண்டவர். பள்ளி நாள்களில் இந்த நண்பர்கள் ராக்கைவிட அதிகம் கேட்டது ஹிப்ஹாப். அதன் சுவடு ஆல்பம் முழுவதும் இருக்கிறது, ஆனால் மேலோட்டமாகக் கேட்டால் பிடிபடாது. டர்னர் ஓர் அடிக்குள் திணிக்கிற சொற்களின் எண்ணிக்கையைக் கவனியுங்கள். வழக்கமான ராக் பாடகர் நான்கு சொல் வைக்கிற இடத்தில் இவர் பத்து வைக்கிறார். வாக்கியம் அடியின் முடிவில் நிற்காமல் அடுத்த அடிக்குள் வழிந்து ஓடி, எதிர்பாராத இடத்தில் எதுகையைத் தொட்டுவிட்டு மறுபடி ஓடுகிறது. பேச்சு எவ்வளவு வேகமாகப் போனாலும் டிரம்ஸ் அதை விடாமல் துரத்துகிறது.

இன்னொரு பள்ளிக்கூடமும் அவருக்கு வாய்த்தது. ஷெஃபீல்டின் போர்டுவாக் என்ற இசையரங்கில் டர்னர் மதுக்கூட ஊழியராக வேலை பார்த்தார். சால்ஃபோர்டைச் சேர்ந்த பங்க் கவிஞர் ஜான் கூப்பர் கிளார்க் அங்கே மேடையேறியதை, கண்ணாடிக் குவளைகளுக்குப் பின்னால் நின்று பார்த்தவர் அவர். வட இங்கிலாந்துப் பேச்சுமொழியை அப்படியே வைத்துக்கொண்டு, படபடவென்று, சிரிப்பும் கூர்மையுமாகக் கவிதை சொல்பவர் கிளார்க். தன் ஊர்ப் பேச்சே கவிதைக்குப் போதும் என்ற துணிச்சல் பத்தொன்பது வயதுப் பையனுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அந்த மதுக்கூடத்தை நான் கைகாட்டுவேன்.

டெமோக்கள், அதாவது ஆல்பத்துக்கு முந்தைய மாதிரிப் பதிவுகள், கைமாறத் தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான். ஷெஃபீல்டில் ஆலன் ஸ்மித் என்ற தயாரிப்பாளரிடம் பதிவுசெய்த பாட்டுகளைச் சிடிகளில் ஏற்றி, நிகழ்ச்சிக்கு வந்தவர்களிடம் இலவசமாகக் கொடுத்தார்கள். கொடுத்த சிடிகள் கொஞ்சம்தான். அதனால் கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களுக்காகக் கணினியில் ஏற்றிப் பகிர்ந்தார்கள். அந்தத் தொகுப்புக்குப் 'பினீத் த போர்டுவாக்' என்று பெயர் வைத்ததும் ஒரு ரசிகர்தான், சிடி கைக்கு வந்த அரங்கத்தின் பெயரை ஒட்டி. குழு அப்படி ஓர் ஆல்பத்தை வெளியிட்டதே கிடையாது. பெயரையும் வரிசையையும் ரசிகர்களே கொடுத்துக்கொண்ட அந்தத் தொகுப்பு ஊர் ஊராகப் போயிற்று.

இதன் விளைவை முதலில் உணர்ந்தவர்கள் மேடையில் நின்ற நால்வர். வெளியூரில் முதல்முறையாக வாசிக்கப் போகிறார்கள், கூட்டம் முதல் வரியிலேயே கூடச் சேர்ந்து பாடுகிறது. 2005 ஆகஸ்டில் ரெடிங், லீட்ஸ் இசை விழாக்களில் அவர்களுக்குக் கிடைத்தது புதிய குழுக்களுக்கான சிறிய கூடாரம். அதற்குள் அடங்காத கூட்டம், அதுவரை ஒரு முழு ஆல்பமும் வெளியிடாத குழுவின் பாட்டுகளைத் தொண்டை கிழியப் பாடியது. அதற்கு முன் மே மாதத்தில் சொந்தமாகச் சிறிய அளவில் ஒரு வெளியீடு செய்திருந்தார்கள், அவ்வளவுதான். வானொலி ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டால் நமக்கு அது பழகிப்போகும். நண்பன் ஒருவன் கையில் திணித்த பாட்டு அப்படிப் பழகுவதில்லை. அது "எங்கள் பாட்டு" ஆகிவிடுகிறது. ஆல்பம் வந்த நாளில் கடைக்குப் போனவர்களில் பலர் ஒரு புதிய குழுவைச் சோதித்துப் பார்க்கப் போகவில்லை. தங்களுடைய குழு ஜெயிக்க வேண்டும் என்று போனார்கள். தேர்தல் நாளில் காலையிலேயே போய் வரிசையில் நிற்கிற தொண்டனின் மனநிலை அது.

பெரிய நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டிருந்தபோது, 2005 ஜூனில் டொமினோவோடு ஒப்பந்தம் செய்தார்கள். 1993இல் லாரன்ஸ் பெல் தொடங்கிய சிறிய, சுதந்திரமான லண்டன் நிறுவனம் அது. ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டு குழுவின் முதல் ஆல்பம் 2004இல் பெற்ற வெற்றி, டொமினோவும் பெரிய அளவில் விற்றுக்காட்ட முடியும் என்று காட்டியிருந்தது. இந்தத் தேர்வுக்கு இருந்த முக்கியத்துவம் பின்னால் யோசித்தால்தான் புரிகிறது. ரசிகர்களுக்கு இவர்கள் தங்கள் ஆட்கள். ஒரு பெரிய நிறுவனம் அவர்களுக்குத் தலைவாரிப் பவுடர் பூசி அனுப்பியிருந்தால், அந்த நெருக்கம் ஒரே வாரத்தில் கலைந்திருக்கும்.

அக்டோபர் 17 அன்று வந்த முதல் சிங்கிள் (ஆல்பத்துக்கு முன் தனியாக விற்கும் பாட்டு), 'ஐ பெட் யூ லுக் குட் ஆன் த டான்ஸ்ஃப்ளோர்', பாடகர் ராபி வில்லியம்ஸையும் சுகர்பேப்ஸ் குழுவையும் பின்னுக்குத் தள்ளி விற்பனைப் பட்டியலில் நேராக முதலிடத்தில் போய் உட்கார்ந்தது. இரண்டாவது சிங்கிளான 'வென் த சன் கோஸ் டவுன்' பாட்டும் ஜனவரியில் அப்படியே. ஆல்பத்தின் வெளியீட்டுத் தேதியை ஒரு வாரம் முன்னுக்குக் கொண்டுவந்தார்கள்.

ஆல்பத்தைப் பதிவுசெய்தது 2005 செப்டம்பரில், லிங்கன்ஷைர் கிராமப்புறத்தில் இருக்கும் சேப்பல் ஸ்டுடியோவில், ஜிம் அபிஸ் என்ற தயாரிப்பாளரோடு. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் வேலை முடிந்தது. டெமோக்களை நேசித்தவர்களுக்கு இது கவலையான கட்டம். நன்றாக இருந்த பாட்டை ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய் மெழுகு பூசிக் கெடுத்த கதைகள் ராக் வரலாற்றில் ஏராளம். இங்கே அது நடக்கவில்லை. நால்வரும் ஓர் அறையில் நின்று வாசிக்கிற உணர்வைப் பதிவு காப்பாற்றிவிட்டது. டெமோவில் மெலிந்து ஒலித்த டிரம்ஸ் இங்கே மார்பில் வந்து இடிக்கிறது, கிதார்களின் முனை கூர்மையாகியிருக்கிறது. ஏற்கெனவே மனப்பாடமான பாட்டை மறுபடி வாங்குவதற்கு இதுவே போதுமான காரணம் என்பேன். சில ரசிகர்கள் இன்றைக்கும் டெமோக்கள்தான் மேல் என்று சண்டை பிடிப்பார்கள். அவர்களுடைய பிடிவாதம் புரிகிறது, தீர்ப்பு மட்டும் எனக்கு ஒப்புதலில்லை.

இனி பாட்டுகள். ஆல்பத்துக்கு வைத்த பெயர் 'வாட்எவர் பீப்பிள் சே ஐ ஆம், தட்ஸ் வாட் ஐம் நாட்'. என்னைப் பற்றி யார் என்ன சொல்கிறார்களோ, நான் அது இல்லை. இது ஆலன் சில்லிட்டோ 1958இல் எழுதிய 'சாட்டர்டே நைட் அண்ட் சண்டே மார்னிங்' நாவலிலிருந்து எடுத்தது. ஷெஃபீல்டுக்குத் தெற்கே நாட்டிங்காமில், சைக்கிள் தொழிற்சாலையில் வாரமெல்லாம் கடைசல் எந்திரத்தோடு மல்லுக்கட்டி, சனிக்கிழமை குடித்துக் கொண்டாடும் ஆர்தர் சீட்டன் என்ற இளைஞனின் கதை. 1960இல் ஆல்பர்ட் ஃபின்னி நடித்துப் படமாகவும் வந்தது. தங்களைப் பற்றி ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த வேளையில் இந்தப் பெயர் பொருத்தமான பதிலடி. அதைவிட ஆழமான பொருத்தம் ஒன்றும் இருக்கிறது. சீட்டனின் சனி இரவுக்கு முன்னால் ஐந்து நாள் உழைப்பு இருந்தது. அரை நூற்றாண்டு கழித்து வந்த இந்தப் பாட்டுகளில் தொழிற்சாலை இல்லை, சனி இரவு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அந்த இரவைத்தான் ஆல்பம் கிட்டத்தட்ட மணிவாரியாகச் சொல்கிறது. முதல் பாட்டான 'த வியூ ஃப்ரம் தி ஆஃப்டர்நூன்' மதியத்தில் நிற்கிறது. இரவைப் பற்றிய எதிர்பார்ப்பு, அந்த எதிர்பார்ப்பே இரவைக் கெடுத்துவிடும் என்ற முன்னறிவு, போதையில் யாருக்கோ அனுப்பப்போகிற குறுஞ்செய்தி. டிரம்ஸ் வெடித்துக்கொண்டு தொடங்கும் பாட்டு நடுவில் நின்றுபோவதுபோல் நின்று மறுபடி கிளம்பும். அடுத்து நடனத் தளம். பிறகு கிளப் வாசலில் ஆட்களைத் தடுக்கும் பவுன்சர், டாக்சி வரிசையில் தள்ளுமுள்ளு, போலீஸ் வண்டியைச் சீண்டும் பதின்வயதுப் பையன்கள், காதலியின் முகச்சுளிப்பு.

பிரிட்டனின் வார இறுதி இரவு ஏன் இப்படித் தள்ளுமுள்ளாக இருந்தது என்பதற்கு ஒரு நடைமுறைப் பின்னணி உண்டு. இங்கிலாந்தில் பப்கள் பொதுவாக இரவு 11 மணிக்கு மதுவை நிறுத்தியாக வேண்டும் என்பது நெடுங்காலச் சட்டம். மணியடித்ததும் ஊரே ஒரே நேரத்தில் தெருவுக்கு வரும். கிளப்புக்குள் நுழைய ஒரு வரிசை, வீட்டுக்குப் போக டாக்சிக்கு ஒரு வரிசை. இரண்டிலும் சண்டை. புதிய உரிமச் சட்டம் நடைமுறைக்கு வந்து நேரக் கட்டுப்பாடு தளர்ந்தது 2005 நவம்பரில், ஆல்பத்தைப் பதிவுசெய்து இரண்டு மாதம் கழித்து. பொது இடங்களின் உள்ளே புகைபிடிக்க இங்கிலாந்தில் தடை வந்தது 2007 ஜூலையில். ஆகவே, இந்த ஆல்பம் பிடித்து வைத்திருப்பது முடியப்போகிற தறுவாயில் இருந்த ஓர் இரவு வாழ்க்கையை. எழுதியவருக்கு அது அப்போது தெரிந்திருக்க வழியில்லை.

'ஃபேக் டேல்ஸ் ஆஃப் சான் ஃபிரான்சிஸ்கோ' இதில் தனித்து நிற்கும் பாட்டு. உள்ளூர்க் குழு ஒன்று மேடையில் அமெரிக்கா அமெரிக்கா என்று அளந்துவிடுகிறது. கீழே நின்று கேட்பவன் சலித்துப்போய், நீ நியூயார்க்குக்காரன் இல்லை, ராதரம்காரன் என்கிறான். ராதரம் ஷெஃபீல்டுக்குப் பக்கத்து ஊர். பிரிட்டிஷ் பாடகர்கள் பாடும்போது மட்டும் அமெரிக்க உச்சரிப்புக்கு மாறுவது பல பத்தாண்டுப் பழக்கம். கிங்க்ஸ், மேட்னஸ், பல்ப் என்று அதை மீறிய குழுக்கள் உண்டு. 2002இல் த ஸ்ட்ரீட்ஸ் என்ற பெயரில் மைக் ஸ்கின்னர் தன் அன்றாடப் பேச்சிலேயே ஓர் ஆல்பம் முழுக்கச் சொல்லிக்காட்டினார். டர்னர் அந்த வரிசையில் வருகிறார். ஆனால் கிதார் குழுவின் வேகத்தோடு, யார்க்ஷைர் உச்சரிப்பை இவ்வளவு முழுதாக, ஒளிக்காமல், பெருமையும் அடிக்காமல் வைத்துப் பாடியவர் அவருக்கு முன் எனக்குத் தெரிந்து இல்லை. லண்டனில் இருப்பவர்கள் சில சொற்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்காக அவர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. வட்டாரத்தை விடாப்பிடியாகப் பிடித்ததால்தான் பாட்டு வட்டாரத்தைத் தாண்டியது. ஹல், லெஸ்டர், கார்டிஃப் என்று எந்த ஊரில் இருந்தவருக்கும் அவரவர் ஊரின் பவுன்சரும் டாக்சி வரிசையும் அதில் தெரிந்தன.

'வென் த சன் கோஸ் டவுன்' எனக்கு இன்னும் பெரிதாகத் தோன்றுகிறது. குழு ஒத்திகை பார்த்த இடம் நீப்சென்ட் பகுதி. பழைய பட்டறைகள் நிறைந்த, இரவில் பாலியல் தொழில் நடக்கும் தெருக்கள். ஒத்திகைக்குப் போய்வரும் வழியில் கண்டதையே பாட்டாக்கியிருக்கிறார்கள். தொடக்கத்தில் டர்னர் ஏறக்குறைய தனியாக, மெல்லிய கிதாரோடு, தெருவில் நிற்கும் பெண்ணையும் அவளைச் சுற்றிவரும் ஆளையும் விவரிக்கிறார். பிறகு முழுக் குழுவும் இடிபோல் இறங்குகிறது. கடைசியில் மறுபடி அமைதி. அந்தப் பெண்ணைக் காப்பாற்றுகிற தோரணை எங்கும் இல்லை, அவளைப் பார்த்து முகம் சுளிக்கவும் இல்லை. கோபம் முழுவதும் அந்த ஆள்மீது போகிறது. பத்தொன்பது வயதில் இந்த நிதானம் அரிது.

எல்லாப் பாட்டுகளும் இந்த உயரத்தில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 'ஸ்டில் டேக் யூ ஹோம்' பாட்டில் கிளப்பில் நிற்கும் பெண்ணைப் பார்க்கும் பார்வை, அலங்காரத்தைக் கிண்டல் செய்துகொண்டே அவளை விரும்பும் பையனின் பார்வை. அது அந்த வயதின் உண்மை என்று சொல்லலாம், ஆனாலும் இன்று கேட்கும்போது நெருடுகிறது. 'பெர்ஹாப்ஸ் வாம்பயர்ஸ்' தங்களைக் குறைசொன்ன உள்ளூர் ஆட்களுக்குச் சொன்ன பதில். வேகம் இருக்கிறது, வெளியாளுக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அதே நேரம் 'மார்டி பம்' பாட்டில் கோபித்துக்கொண்ட காதலியிடம் பேசுபவன் தன்மேலும் தப்பு இருக்கிறது என்று தெரிந்தே சமாதானம் பேசுகிறான். சிங்கிளாக வெளியிடாமலே பிரிட்டனில் எல்லாருக்கும் தெரிந்த பாட்டாகிவிட்டது அது.

ஆல்பம் எழுப்பிய கேள்விக்கு நான் தேடும் விடை கடைசிப் பாட்டில் இருக்கிறது. 'எ செர்ட்டன் ரொமான்ஸ்', ஐந்தரை நிமிடம், ஆல்பத்திலேயே நீளமானது. ரீபோக் காலணியும் டிராக்சூட்டுமாக வம்புக்கு அலையும் உள்ளூர் இளைஞர்களைப் பற்றியது. அந்த ஆண்டுகளில் பிரிட்டிஷ் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் இப்படிப்பட்ட உழைக்கும் வர்க்க இளைஞர்களை வசைப்பெயர் சூட்டிக் கேலி செய்வதைப் பொழுதுபோக்காகவே வைத்திருந்தன. பாட்டும் முதலில் அந்தப் பக்கம் சாய்கிறது. இங்கே காதலும் கிடையாது, ரசனையும் கிடையாது என்று டர்னர் பொரிந்து தள்ளுகிறார். போகப்போகக் குரல் தளர்கிறது. அங்கே நிற்பவர்களில் சிலர் என் கூட்டாளிகள், அவர்கள் எல்லை மீறினாலும் எனக்கு அதே கோபம் வருவதில்லை என்று முடிக்கிறார். அதன்பின் சொல் கிடையாது, கிதார் மட்டும் நீண்டு ஏறுகிறது. வெளியிலிருந்து கேலியாகப் பார்க்கப்பட்ட ஒரு கூட்டத்தை, உள்ளிருந்து ஒருவன், குறையை மறைக்காமல், கைவிடாமலும் பாடியிருக்கிறான். கேட்டவர்களுக்கு அந்தப் பாட்டுகள் கோப்பாக எவ்வளவு நாள் கணினியில் இருந்திருந்தாலும், கையில் பிடிக்கும் பொருளாக, தங்கள் வாழ்க்கையின் அத்தாட்சியாக அலமாரியில் வேண்டியிருந்தது. இலவசப் பதிவுகள் விற்பனையைக் கெடுக்கவில்லை, அந்த வேண்டுதலை வளர்த்துவிட்டன.

அட்டைப்படமும் இதையேதான் சொல்லிற்று. குழுவின் நண்பர் கிறிஸ் மெக்லூரை லிவர்பூலில் இரவெல்லாம் குடிக்க அனுப்பி, ஒரு மதுக்கூடத்தில் சிகரெட்டோடு கறுப்பு வெள்ளையில் எடுத்த படம். குழுவினர் முகம் அட்டையில் இல்லவே இல்லை. புகைபிடித்தலுக்கு ஊக்கம் தருகிறது என்று ஸ்காட்லாந்து சுகாதாரத் துறையிலிருந்து கண்டனம் வந்தது. படத்தில் இருப்பவனின் கோலத்தைப் பார்த்தால் சிகரெட் அவனுக்கு நல்லது செய்வதாகத் தெரியவில்லையே என்பது குழுவின் தரப்பில் வந்த பதில்.

பாராட்டு அளவுக்கு மிஞ்சித்தான் வந்தது. என்எம்இ என்ற பிரிட்டிஷ் இசை இதழ் ஆல்பம் வந்த சூட்டோடு எல்லாக் காலத்துக்குமான சிறந்த பிரிட்டிஷ் ஆல்பங்களில் ஐந்தாவதாக வைத்தது. அந்த அவசரம் குழுவுக்கே பாரம்தான். ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான மெர்க்குரி பரிசு செப்டம்பரில் கிடைத்தது. மேடையேறிய டர்னர், தன் ஊர்ப் பாடகரும் அந்த ஆண்டுப் போட்டியாளருமான ரிச்சர்ட் ஹாலியை யாரோ கொள்ளையடித்துவிட்டார்கள், போலீஸைக் கூப்பிடுங்கள் என்றார். பரிசு அவருக்குப் போயிருக்க வேண்டும் என்று பொருள். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஆல்பம் 24ஆம் இடத்தில்தான் நுழைந்தது. ராதரம் எங்கே இருக்கிறது என்று தெரியாத நாட்டில் அதுவே நல்ல தொடக்கம்.

முதல் வார விற்பனைச் சாதனையின் கதை தனியே பார்க்கத் தக்கது. இவர்களுக்கு முன் அது ஹியர்சே குழுவிடம் இருந்தது, 2001இல் 3,06,631 பிரதிகள். தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் தேர்ந்தெடுத்துச் சேர்த்த குழு அது. இவர்களை 2007இல் முந்தியவர் எக்ஸ் ஃபாக்டர் போட்டியில் வென்ற லியோனா லூயிஸ், 3,75,872 பிரதிகள். 2009இல் அதையும் முந்தியவர் இன்னொரு தொலைக்காட்சிப் போட்டியில் புகழ்பெற்ற சூசன் பாயில், நான்கு லட்சத்துக்கும் மேல். முன்னும் பின்னும் வார இறுதி மாலைத் தொலைக்காட்சியின் கோடிக்கணக்கான பார்வையாளர்கள். நடுவில், பப்பில் கொடுத்த சிடியிலிருந்து கிளம்பிய நான்கு பேர்.

அந்த நால்வரும் அதே நால்வராக நீடிக்கவில்லை. 2006 கோடையில் நிக்கல்சன் விலகினார். திடீர்ப் புகழும் ஓயாத பயணமும் தந்த களைப்பு. அவருடைய இடத்துக்கு நிக் ஓமேலி வந்தார். 2007 ஏப்ரலில் இரண்டாவது ஆல்பம், ஜூனில் கிளாஸ்டன்பரி இசை விழாவின் தலைமை மேடை. அதற்குப் பிறகு டர்னரின் குரலும் உச்சரிப்பும் உடையும் மாறி, பாட்டுகள் கலிஃபோர்னியா பாலைவனம்வரை போய்விட்டன. அந்த ஆல்பங்களில் சிலவற்றை நான் மிகவும் விரும்புகிறேன். ஆனால் ஒரு தெருவின் பெயரைச் சொன்னால் அந்தத் தெருவே நடுங்குகிற மாதிரியான பாட்டுகள் அவற்றில் குறைவு.

இந்த ஆல்பத்தை இதுவரை கேட்காதவர்கள் புகழ்பெற்ற சிங்கிளிலிருந்து தொடங்க வேண்டாம். முதல் பாட்டிலிருந்து, வரிசை மாற்றாமல், நாற்பத்தொரு நிமிடத்தையும் ஒரே மூச்சில் கேளுங்கள். உச்சரிப்பு முதலில் பிடிபடாது, இரண்டாம் முறை வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். பிடித்துப்போனால் பழைய டெமோத் தொகுப்பையும் தேடி எடுங்கள். 'வென் த சன் கோஸ் டவுன்' அதில் 'ஸ்கம்மி' என்ற பெயரில் இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், சேப்பல் ஸ்டுடியோவில் அந்த இரண்டு வாரத்தில் என்ன கூடியது என்பது உங்கள் காதுக்கே தெரிந்துவிடும்.